பதினேழு உறைகள்

இமெல்டா நகரசபைத் தேர்தலில் நிற்கப் போகிறாள் என்ற கதை முதலில் பரவியது முதியோர் இல்லத்தின் சலவை அறையில்தான். படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த சிவமலர் அதைக் கேட்டதும் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். "எடியே, உண்மையோ? எங்கட ஆக்கள் ஒருத்தராவது அந்தக் கதிரையில இருந்து பாக்கவேணும்" என்றாள்.

சுவிஸில் லாங்கன்தாலிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் லின்டன்வில் என்ற சிறு நகரம் அது. நாற்பது பேர் கொண்ட சபைதான் அங்கே சட்டம் இயற்றும், வரவு செலவைத் தீர்மானிக்கும். நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். தமிழ்க் குடும்பங்கள் முப்பது வரையில் இருந்தன. அரைவாசிக்கு மேல் சுவிஸ் குடியுரிமை எடுத்தவர்கள். ஆனால் வாக்களித்தவர்கள் மிகக் குறைவு. வாக்குச்சீட்டோடு தபாலில் வரும் தடித்த உறையைத் திறந்து பார்க்காமலே பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டி வாசலில் வைத்துவிடுவார்கள்.

இமெல்டாவுக்கு நாற்பத்தெட்டு வயது. மன்னாரிலிருந்து இருபத்தொரு வயதில் வந்தவள். அந்த இல்லத்தின் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கி, மொழி படித்து, இரவல் புத்தகங்களோடு பரீட்சை எழுதி, இப்போது இரண்டாம் மாடிக்குப் பொறுப்பான தாதியாக இருக்கிறாள். கணவன் கிறகோரி இயந்திர உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடமாக வேலை. ஒரே மகள் அனோஜா வின்டர்தூரில் படித்துக்கொண்டிருந்தாள்.

தேர்தலில் நிற்கும் யோசனை இமெல்டாவுடையது அல்ல. காலை வேலைக்கு வருபவர்களுக்கு முதல் பஸ் பிந்தி வருகிறது என்று அவள் நகரசபைக்கு ஒரு மனு எழுதி, எழுபது பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்த ஒரு கட்சியின் தலைவி ரேகுலா வீடு தேடி வந்துவிட்டாள். ரேகுலா ஓய்வுபெற்ற ஆசிரியை. நேராகப் பேசுகிற மனுசி.

"ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டில் சீட்டிலிருக்கும் பெயரை வெட்டலாம், பிடித்த பெயரை இரண்டு தரம் எழுதலாம். வெளிநாட்டுப் பெயரைக் கண்டால் வெட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மனம் நோகும். அதற்குத் தயாரா?" என்று கேட்டாள்.

இமெல்டா கிறகோரியைப் பார்த்தாள். அவன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி, "நில்லன்" என்றான். அந்த ஒரு சொல்லில் அவள் சம்மதித்தாள்.

ஒன்றரை மாதம் அவள் ஓடிய ஓட்டம் கொஞ்சமல்ல. வேலை முடிந்ததும் புகையிரத நிலைய வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுத்தாள். சிலர் வாங்கினார்கள், சிலர் அவளுடைய கையைத் தாண்டிக் கடந்தார்கள். ஒரு கிழவர் நின்று, "நீ முதலில் எங்கள் பேச்சைச் சரியாகப் பேசப் பழகு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதாள். கட்சியின் பயிற்சிக் கூட்டத்தில் ரேகுலா திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விசயத்தையும் அவள் கவனமாகக் கொப்பியில் எழுதிவைத்தாள். வாக்குச்சீட்டை அவரவரே எழுதவேண்டும். வீடு வீடாகப் போய்ச் சேர்த்து ஒருவர் எழுதினால் அது குற்றம். அந்தக் கூட்டத்துக்குக் கிறகோரி வரவில்லை. அவனுக்கு அன்று பின்னேர வேலை.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு பின்னேரம் நகரமண்டபத்தில் முடிவு வாசித்தார்கள். கட்சிக்கு எதிர்பார்த்த மூன்று ஆசனத்தோடு நாலாவதும் மயிரிழையில் கிடைத்திருந்தது. அந்த நாலாவது ஆசனம் இமெல்டாவுக்கு. வாசித்த பெண் அவளுடைய குடும்பப் பெயரில் இரண்டு இடத்தில் தடக்கினாள். ஆனாலும் முழுதாக வாசித்து முடித்தாள். மண்டபத்தின் பின்பக்கத்தில் மினுக்கிய, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடு நின்ற கிறகோரி கை தட்டவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான்.

அடுத்த கிழமை தமிழ்ப் பூசை முடிய, மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். பாதர் அவளுக்கு மாலை போட்டார். சைவக் குடும்பங்களும் வந்திருந்தன. எல்லோருடைய முகத்திலும் தாங்களே வென்றது போன்ற ஒரு சிரிப்பு. இமெல்டாவுக்கு அந்தப் பத்து நாளும் கால் நிலத்தில் படவில்லை.

பதினோராம் நாள் சலவை அறையில் சிவமலர் சொன்னாள்:

"பாத்தியோ, எங்கட வீட்டு மூண்டு வோட்டும் வீணாப் போகேல்லை. கிறகோரி அண்ணை வந்து குசினி மேசையில இருந்து டக் டக்கெண்டு எழுதிப்போட்டார். எங்களுக்குக் கையெழுத்து வைக்கிற வேலை மட்டும்தான்."

இமெல்டாவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்னத்தை எழுதினவர்?"

"உன்ர பேரைத்தான். ரெண்டு தரம். எங்களுக்கு உந்த வெறுஞ்சீட்டில எங்கை என்ன எழுதிறதெண்டு ஆருக்குத் தெரியும்? அவர் எழுதி, உறையில போட்டு, ஒட்டி, தானே கொண்டுபோய்ப் போட்டவர். எங்கட வீடு மட்டுமே? எல்லா இடமும் போனவரெல்லே."

சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. இமெல்டா மடித்து வைத்திருந்த துவாய்களை எடுத்து, விரித்து, மறுபடி மடித்தாள். தன் கைகள் என்ன செய்கின்றன என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று வேலை முடிய அவள் வீட்டுக்குப் போகவில்லை. தெரிந்த தமிழ்க் குடும்பமான தம்பித்துரை அண்ணையின் வீட்டுக்குப் போனாள். ஓம், அங்கேயும் இரண்டு உறை. அடுத்த தெருவில் நான்கு. எல்லோரும் ஒளிக்காமல் சொன்னார்கள். ஒளிக்க வேண்டிய விசயம் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்து, "கிறகோரி அண்ணைக்கு உங்களில நல்ல பட்சம்" என்று சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டு கேட்டாள். ஆறு வீடு, பதினேழு உறை.

கடைசி வீட்டில்தான் அவளுக்கு அடி விழுந்தது. மதுஜா என்ற இருபத்துமூன்று வயதுப் பெண் கதவு வரைக்கும் வழியனுப்ப வந்தவள், தாய்க்குக் கேட்காமல் மெல்லச் சொன்னாள்:

"அன்ரி, கோவிக்காதேங்கோ. நான் உங்களுக்குப் போட இருக்கேல்லை. என்னோட படிச்ச பெட்டை ஒருத்தி வேற கட்சியில நிண்டவள். அவளுக்குத்தான் போட வைச்சிருந்தனான். அதுதான் என்ர முதல் வோட்டு. அங்கிள் வந்து இருந்திட்டார், அம்மாவும் பக்கத்தில. எப்பிடி இல்லையெண்டுறது?"

இமெல்டா அந்தப் பிள்ளையின் தோளைத் தொட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

பதினெட்டு வயதில் அவளும் ஒரு முதல் வாக்குப் போடப் போனவள். மன்னாரில், அகதி முகாமாக இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். அரை நாள் வெயிலில் வரிசையில் நின்று மேசைக்கு வந்தபோது அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உம்மட வோட்டுப் போட்டாச்சு" என்றார். அவள் விரலை நீட்டிக் காட்டினாள். மையே இல்லை. அவர் நிமிர்ந்து பார்க்காமல், "போட்டாச்சு, போம்" என்றார். பின்னால் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். தான் உயிரோடு நிற்கும்போதே தன்னை யாரோ கொண்டுபோய் முடித்துவிட்டது போல இருந்தது அவளுக்கு. அதை அவள் கிறகோரிக்கும் சொல்லியிருக்கிறாள், கலியாணம் கட்டின புதிதில்.

வீட்டில் கிறகோரி மீன் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் சப்பாத்தைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ. எத்தினை வீட்டை போனனீங்கள்?"

அவன் உடனே விளங்கிக்கொண்டான். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினான். "ஆறு வீடு."

"அது குற்றம் எண்டு தெரியாதோ?"

"என்ன குற்றம்? நான் ஆற்றையும் உறையைக் களவெடுத்தனானோ? கேட்டுத்தான் எழுதினனான். அவையளும் ஓம் எண்டவை. நான் போகாட்டி அவ்வளவும் குப்பைக்குத்தானே போயிருக்கும்?"

"மதுஜா ஓம் எண்டவளோ?"

அவன் துவாயை எடுத்துக் கையைத் துடைத்தான்.

"அந்தப் பிள்ளை வேற ஆளுக்குப் போட இருந்தவள். அவளின்ர வோட்டையும் என்ர பேரில எழுதிப்போட்டீங்கள்."

"ஒரு வோட்டு..." என்றான் கிறகோரி.

"என்ர வோட்டும் ஒரு வோட்டுத்தான், மன்னாரில."

அவன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். பிறகு பேசியபோது குரல் மாறியிருந்தது. "முப்பத்திமூண்டு வருசம் இமெல்டா. இந்த ஊரில ஒருத்தன் என்ர பேரை ஒழுங்காச் சொன்னதில்லை. போர்மன் என்னை 'கிரெக்' எண்டுவான். லைசென்ஸ் அலுவலகத்தில எழுத்துக்கூட்டச் சொல்லுவினம். அவ்வளவு பேருக்கு முன்னால உன்ர பேரை முழுசா வாசிக்கவேணும் எண்டு ஆசைப்பட்டன். அவ்வளவுதான். நீ தோத்திருந்தால் என்னால தாங்கேலாது."

அவனை அப்படிப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நொந்தது. கோபமும் போகவில்லை.

ஒன்பது நாள் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இல்லத்தில் மாத்திரைகளை இரண்டு தரம் எண்ணினாள். அனோஜா தொலைபேசியில் கதைத்தபோதுதான் உடைந்துபோனாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகள், "நீங்கள் என்ன செய்யப் போறீங்கள் எண்டு எனக்குத் தெரியும் அம்மா. ஆனா அப்பாட்டச் சொல்லிப்போட்டுப் போங்கோ. அவர் வேற ஆள் சொல்லி அறியக்கூடாது" என்றாள்.

முதலில் ரேகுலாவிடம்தான் போனாள். ரேகுலா கேட்டுவிட்டு எழுந்து யன்னலடியில் போய் நின்றாள்.

"நீ பதவியை ஏற்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதலாம். குடும்பக் காரணம். ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். பட்டியலில் அடுத்தவர் உன் இடத்துக்கு வருவார். விசயம் முடிந்தது."

இமெல்டாவுக்கு அந்த வழி இனித்தது. உண்மையில் அந்த ஒன்பது நாளும் அவள் தேடிக்கொண்டிருந்த வழியே அதுதான். கிறகோரிக்கு ஒன்றும் வராது. ஆட்களுக்கு முகம் கொடுக்கலாம். ஆனால் கட்சிப் பயிற்சியில் படித்தது அவளுக்கு மறக்கவில்லை. அந்தப் பதினேழு சீட்டின் தலையிலும் கட்சியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அவள் பெயர் எழுதிய இரண்டு வரி போக, வெறுமையாக விட்ட மற்ற வரிகள் அவ்வளவும் கட்சிக்கு விழுந்த வாக்குகளாகக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

"அந்தச் சீட்டுகள் இல்லாவிட்டால் எங்களுக்கு நாலாவது ஆசனமே வந்திருக்குமா?" என்று கேட்டாள்.

ரேகுலா திரும்பவில்லை. "தெரியாது. வந்தும் இருக்கலாம்."

"வராமலும் இருக்கலாம்."

"நீ இதைச் சொன்னால் பத்திரிகை என்ன எழுதும் என்று யோசித்தாயா? பிறகு உங்கள் ஆட்களில் இன்னொருவர் நிற்க இருபது வருடம் போகும்" என்றாள் ரேகுலா. அதில் மிரட்டல் இல்லை. அது உண்மை என்பதால்தான் இமெல்டாவுக்கு இன்னும் வலித்தது.

வீட்டுக்கு வந்து கிறகோரியிடம் சொன்னாள். "நாளைக்கு நகரசபைக்குப் போறன். உங்கட பேரைச் சொல்லமாட்டன். ஆனா நடந்ததைச் சொல்லுவன்."

"பதினேழு சீட்டிலையும் என்ர எழுத்து. பேர் சொல்லாட்டி என்ன, சொன்னால் என்ன" என்று சொல்லிவிட்டு அவன் போய்க் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மறுநாள் அவள் லீவு எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். நகரச் செயலாளர் கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். யார் எழுதியது என்ற கேள்வி வந்தபோது அவள் மடியிலிருந்த கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். அவர் பேனையை வைத்துவிட்டு, "நெருங்கிய குடும்பத்தவர் என்றால் நீங்கள் சொல்லத் தேவையில்லை. சட்டம் அப்படித்தான்" என்றார். அவள் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள்.

பெட்டிகளைத் திறந்து சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். வெவ்வேறு மேசையில் எண்ணப்பட்டதால் முதல் தரம் ஒருவருக்கும் தட்டுப்படாத எழுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பளிச்சென்று தெரிந்தது. பெரிய எழுத்தில், தொழிற்சாலைப் பெட்டிகளில் எழுதுவது போன்ற நேர் எழுத்து. பதினேழும் செல்லாது என்றார்கள். மறுபடி கணக்குப் பார்த்ததில் நாலாவது ஆசனம் வேறு கட்சியைச் சேர்ந்த ஒரு விவசாயிக்குப் போனது.

பத்திரிகையில் செய்தி வந்தது. பெயர் போடவில்லை. ஆனால் அந்த ஊரில் யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை. பிறகு விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் ஒன்று வந்தது. இமெல்டாவின் பெயரில். செய்தவர் யாரென்று அவள் சொல்லாததால், அவளும் சேர்ந்து செய்தாளா என்று பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அவள் அதை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பின்னேரம் திரும்பி வந்தபோது கடிதம் அங்கே இல்லை. கிறகோரி வேலைச் சட்டையோடு இருந்தான்.

"மத்தியானம் பொலிசுக்குப் போட்டு வந்தன்" என்றான். "எழுதிக் காட்டச் சொன்னவங்கள். உன்ர பேரை ரெண்டு தரம் எழுதிக் காட்டினனான். மனுசிக்கு ஒண்டும் தெரியாது, நான்தான் எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சிட்டன்."

அவள் பக்கத்தில் போக, அவன் எழுந்து மற்ற அறைக்குப் போய்விட்டான்.

அவனுக்குக் குற்றப்பணம் விதித்தார்கள். சிறை இல்லை, வேலையும் போகவில்லை. ஆனால் பொலிஸ் ஆறு வீட்டுக்கும் போய் விசாரித்தது. நாற்பது வருடத்தில் பொலிசுக்குக் கதவு திறந்திராத தம்பித்துரை அண்ணை நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். அவருடைய மகன் பிருந்தன் இமெல்டாவை வீதியில் மறித்து, "அப்பாவுக்கு ஏதும் நடந்திருந்தால் உங்களைத்தான் கேட்டிருப்பன் அன்ரி. சொந்தச் சனத்தைக் காட்டிக் குடுக்க எப்பிடி மனம் வந்தது?" என்று கேட்டான்.

காட்டிக் கொடுத்தவள். அந்தச் சொல் தமிழில் எவ்வளவு பாரமானது என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அவள் பிருந்தனுக்கு விளக்கம் சொல்லவில்லை. "அப்பா இப்ப எப்பிடி?" என்று மட்டும் கேட்டாள். அவன் திரும்பி நடந்தான்.

மார்கழியில் நத்தார்ப் பூசையில் அவர்கள் இருந்த நீள வாங்கில் வேறு எவரும் வந்து இருக்கவில்லை. பாதர் பிரசங்கத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். யாரை யார் மன்னிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சலவை அறையில் சிவமலர் வேலை விசயம் மட்டும் கதைத்தாள், அதுவும் ஜெர்மன் மொழியில். பதினைந்து வருடச் சிநேகிதம். இமெல்டாவுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. ஒருநாள் விரிப்புக் கூடையை இருவரும் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கியபோது, "மலர், என்னோட சண்டையாவது பிடியன்" என்றாள். சிவமலரின் கண் கலங்கியது. ஆனால் கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கிறகோரியும் அப்படித்தான். தேவைக்கு மட்டும் பேச்சு. உப்பு, கதவுத் திறப்பு, மகளின் தொலைபேசி. தமிழ்ப் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டான். இமெல்டா மட்டும் போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்துவிட்டு வந்தாள். தான் செய்தது சரிதானா என்று ஒவ்வொரு நாளும் அவள் தன்னைக் கேட்டாள். ஒரு நாள் ஓம் என்று வரும், ஒரு நாள் வராது. அந்த மாசியில் மதுஜாவைப் பஸ்ஸில் கண்டாள். அவள் எழுந்து வந்து பக்கத்தில் இருந்தாள். ஒன்றும் கதைக்கவில்லை. இறங்கும்போது மட்டும், "போட்டு வாறன் அன்ரி" என்றாள். அன்று முழுக்க இமெல்டாவுக்கு மூச்சு கொஞ்சம் இலேசாக வந்தது.

வைகாசியில் அனோஜா வின்டர்தூரில் புது அறைக்கு மாறினாள். கட்டில், அலுமாரி எல்லாம் ஏற்றிக்கொண்டு இமெல்டாவும் கிறகோரியும் வாடகை வான் வண்டியில் போனார்கள். மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. கிறகோரிக்கு இடுப்பு வலி. அலுமாரியை அவன் கீழ்ப்பக்கமும் அவள் மேற்பக்கமும் பிடித்து ஏற்றினார்கள். "பொறு", "தூக்கு", "இடப்பக்கம்", "கை கவனம்" என்று அந்த ஒரு மணித்தியாலத்தில் அவர்கள் பேசியது ஐந்து மாதத்தில் பேசாத அளவு.

முடிய, மகள் கடைக்குப் போயிருந்த நேரம், வெறுந்தரையில் பேப்பர் விரித்து இருந்தார்கள். இமெல்டா கொண்டுவந்த சோற்றுப் பெட்டியைத் திறந்தாள்.

"நான் இன்னும் உன்னோட கோவம்தான்" என்றான் கிறகோரி.

"தெரியும்."

"நீ செய்தது பிழை எண்டும் என்னால சொல்லேலாமக் கிடக்கு. அதுதான் கூடக் கோவம்."

அவள் கரண்டியைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள். கீழே வீதியில் ட்ராக்டர் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"ஏன் பாத்துக்கொண்டிருக்கிறாய்?" என்றான் அவன். "பசிக்குது. போடு."